சிலம்பாயியின் கிழக்கெல்லை

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. வடிவாம்பிகைக்கு வயது அறுபத்தாறு. பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவள். அவற்றுள் பெரும்பகுதி இலக்கண வகுப்புகளில் கழிந்தது. சென்ற ஐப்பசி முதல் சில சொற்கள் அவள் கூப்பிட்டால் வருவதில்லை. நரம்பு மருத்துவர், அவளிடம் படித்தவர்களைவிடவும் இளையவர், பத்துப் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். ஒன்பதற்குச் சொன்னாள். பத்தாவது படத்தைப் பார்த்து, "மாவு சலிக்கிறது" என்றாள், பெயர் வரவில்லை. இரத்தம் எடுத்துக்கொண்டு, நாளை வரச் சொல்லியிருந்தார்கள். புறப்படும்போது மருத்துவர் கேட்டார்: "உங்க அம்மா வழியில யாருக்காவது வயசான காலத்துல மறதி வந்திருக்காம்மா?" அதற்கு விடை சொல்வது எளிதாக இல்லை. அவளைப் பெற்றவள் முப்பத்தொன்பது வயதில் போய்விட்டாள். அவளைப் பெற்றவள் பிரசவத்திலும், அவளுக்கும் மூத்தவள் ஊரையே வாரிக்கொண்டு போன ஒரு காய்ச்சலிலும் இறந்தார்கள். மறப்பதற்கு வேண்டிய வயதுவரை அந்த வழியில் வாழ்ந்தவள், அம்மாவிலிருந்து மேல்நோக்கி எண்ணினால் நான்காமவளான சிலம்பாயி ஒருத்தியே. அவளைப் பற்றிக் குடும்பத்தில் மிஞ்சியிருந்தது தாய்மாமன் வீட்டுப் பெட்டியில் கிடந்த ஒற்றைத் தாள். முதல் தாளைக் கரையான் தின்றுவிட்டது. இரண்டாம் தாளில், 1891ஆம் ஆண்டு தேதியிட்டு, இவ்வளவுதான் இருந்தது: "மேற்படி சிலம்பாயி தன் கண்ணுக்கு நேரே இருக்கிற வஸ்துக்களின் பேரையும் தன் புருஷன் பேரையும் சொல்லச் சக்தியில்லாதவளாயிருக்கிறபடியால், புத்தி சுவாதீனமில்லாதவளென்று தீர்மானித்து, அவள் அனுபோகத்திலிருக்கும் நிலத்தை அவள் கொழுந்தன் வசம் ஒப்புவிக்கலாயிற்று." அந்த விசாரணையின் முழு ஆவணக் கட்டையும் பார்க்க வேண்டுமென்று மாவட்ட ஆவண அறைக்கு எழுதிப் போட்டு ஐந்து வாரம் ஆயிற்று. இன்று வரச் சொல்லியிருந்தார்கள். கதை நடப்பது அந்த முற்பகலில், பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில்.

துணைக்கு வந்தவள் நாத்தனார் கோமதி. சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, இங்கே உண்ணக் கூடாது என்ற பலகைக்கு நேர்கீழே அமர்ந்திருந்தாள். ஆவண அறை எழுத்தர் ஜெயசீலன் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். "பேரு வடிவாம்பிகை. வயசு அறுபத்தாறு. கணவர் பேர் சொல்லுங்க டீச்சர்." வடிவாம்பிகை நிமிர்வதற்குள், "சிதம்பரம்" என்றாள் கோமதி. "நான் டீச்சரைக் கேட்டேன்." "அவங்களைக் கேட்டா சாயங்காலம் ஆயிரும் சார். எங்கண்ணன் பேரை அண்ணி வாயால கேக்கணும்னு நானும் நாப்பது வருஷமாக் காத்துக் கெடக்கேன்." "எழுதித் தரேனே" என்றாள் வடிவாம்பிகை. "எழுதுவாங்க சார், முத்து முத்தா எழுதுவாங்க. கைக்குக் கட்டுப்பாடு கிடையாது, வாய்க்குத்தான்." ஜெயசீலன் சிரித்தபடியே எழுதிக்கொண்டு, கட்டை எடுத்துவர ஆள் உள்ளே போயிருப்பதாகவும் அரைமணி ஆகலாம் என்றும் சொல்லிவிட்டுத் தம் இடத்துக்குப் போனார். அரைமணி என்று இங்கே சொன்னால் ஒரு மணி என்று கொள்ள வேண்டும்.

மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒருமுறை முனகியது, ஒரு கால் நீண்டு ஒரு கால் குறுகியவன் மாடி ஏறுவதைப் போல. ஒன்று, இரண்டு, முனகல். அவள் எண்ணத் தொடங்கியது விசிறியைத்தான். ஆனால் எண்ணிக்கை தானாகவே அங்கே போய் நின்றது, ஐப்பசியில் நின்ற அதே இடத்தில். நூலகத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, தேர்வெழுதும் நாற்பது பேர், தொகைநிலைத் தொடர் ஆறு வகைப்படும் என்று சொல்லி விரல்களை மடக்குகிறாள். வேற்றுமைத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உவமைத்தொகை, உம்மைத்தொகை. ஒரு கை நிறைந்துவிட்டது. ஆறாவதற்கு மற்றொரு கை வேண்டும். மற்றொரு கையைத் தூக்கினாள், அதில் ஒன்றும் இல்லை. கை தூக்கியபடியே நின்றாள், போக்குவரத்துக் காவலரைப் போல. முன் வரிசைப் பெண் ஒருத்தி மெல்ல எடுத்துக் கொடுத்தாள். காதில் விழுந்தது, அவளும் சொன்னாள், வகுப்பு நடந்தது. வீட்டுப் படியேறும்போது மீண்டும் ஐந்துதான் இருந்தன. புத்தகத்தைப் புரட்டினால் ஒரு நொடி வேலை. ஆனால் புரட்டி எடுப்பது நினைவு ஆகாது. அது மற்றொருவர் வீட்டுத் தண்ணீர். வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இப்போது அந்தப் பத்தாவது படம் வந்தது: வட்ட விளிம்பு, கம்பி வலை, அடியில் மாவு மழை. அதன் பயன் தெரியும், வடிவம் தெரியும், எந்த ஆணியில் தொங்குகிறது என்பதும் தெரியும். அந்த ஆணியில் பெயர் மட்டும் தொங்கவில்லை. கோமதியிடம் கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்கக் கூடாது. கேட்டால் கோமதி ஒரு கணம் நேராகப் பார்ப்பாள், கேலி இல்லாமல். அந்தப் பார்வையை எதிர்கொள்ள இன்னும் ஆயத்தம் ஆகவில்லை. ஒப்புவிக்கலாயிற்று. யார் ஒப்புவித்தார்? அந்தத் தொடரில் எழுவாய் இல்லை. நிலத்தை யாரோ எடுத்தார், யாரோ கொடுத்தார், செய்தவர் எவரும் இல்லாமலே ஒரு பெண்ணின் கையிலிருந்து எல்லாம் போய்விட்டது. நாளைக்குத் தன்னையும் அப்படித்தான் எழுதுவார்கள். பீரோச் சாவி ஒப்புவிக்கலாயிற்று. அடுப்படி ஒப்புவிக்கலாயிற்று. பெங்களூரிலிருந்து மகன் வருவான், மிகவும் அன்பாகப் பேசுவான், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொல்வான், குழந்தைக்குச் சொல்வதுபோல. அவனுக்கு அவள் அப்படித்தான் அகரம் சொல்லிக் கொடுத்தாள். சிலம்பாயி எப்படி நின்றிருப்பாள்? அவள் முகத்தை எவரும் பார்த்ததில்லை, படமும் இல்லை. ஆகவே வடிவாம்பிகைக்கு எப்போதும் தன் முகமே அங்கே தெரிந்தது, ஐம்பது வயதில், வாய் பாதி திறந்து, ஒரு சொல்லுக்காகக் காத்து. புருஷன் பெயரைச் சொல்லவில்லை என்பது பெரிதன்று, அந்தக் காலத்தில் யார்தான் சொன்னார்கள். அந்த இடத்தில் அவளுக்கே ஓர் ஐயம் எழுந்து அடங்கியது. ஆனால் கண்ணுக்கு நேரே இருக்கிற வஸ்துக்கள்? பார்த்துக்கொண்டே பெயரை இழப்பவளை என்னவென்று சொல்வது? தானும் பார்த்துக்கொண்டேதான் இழந்தாள். இரத்தத்தில் இறங்கி வந்திருக்கிறது, நடுவில் மூன்று பெண்கள் முன்னதாகவே இறந்து அதை மறைத்துவிட்டார்கள். வேற்றுமை, வினை, பண்பு, உவமை, உம்மை. முனகல்.

"அண்ணி, உதடு அசையுது." "பாடம் பாத்துக்கிட்டு இருக்கேன்." "ஓய்வு வாங்கியாச்சு, இன்னும் என்ன பாடம்? எலுமிச்சஞ்சோறு கட்டியிருக்கேன், ஆறிப்போனா என்னைச் சொல்லக் கூடாது." ஆறினால்தான் எலுமிச்சஞ்சோறு நன்றாக இருக்கும் என்று சொல்ல நினைத்தாள், நினைத்த சொற்கள் எல்லாம் வரிசையாக, ஒன்றும் குறையாமல் வந்து நின்றன, அதுவே ஒரு சிறு நன்மையாகத் தோன்றியது, சொல்லாமலே விட்டுவிட்டாள். அதற்குள் உள்ளறைக் கதவு திறந்து, ஜெயசீலன் சிவப்புத் துணியில் கட்டிய ஒரு மூட்டையைக் குழந்தையை ஏந்துவதுபோல் இரு கைகளிலும் ஏந்தி வந்தார். "மூக்கைப் பொத்திக்கங்க டீச்சர். இதைத் தொட்டவங்க தும்மாமப் போனதில்ல." கோமதி உடனே தும்மினாள். "இன்னும் தொடவே இல்லியேம்மா." "பாத்ததுக்கே இப்படி" என்றாள் கோமதி.

முடிச்சு இறுகியிருந்தது. வடிவாம்பிகை நகத்தால் அதைத் தளர்த்தினாள்; இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இதை முதலில் அவிழ்ப்பவள் அவளாகவே இருக்கலாம். எழுத்துகளின் மேல் புள்ளி இல்லை. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் இல்லை. அவள் மனத்துக்குள்ளேயே புள்ளிகளை வைத்துக்கொண்டு, விடைத்தாள் திருத்துவதைப் போல விரலால் வரிகளைத் தொடர்ந்தாள். மேல் தாளில் மனு, நீளமாக இருந்தது, அதைப் பிறகு பார்க்கலாம் என்று புரட்டிவிட்டு, கேள்வியும் பதிலுமாக இருந்த தாளுக்கு வந்தாள். கேட்டவர் உதவிக் கலெக்டர் துரை. தமிழில் எடுத்துச் சொன்னவர் ஒரு குமாஸ்தா. உடன் நின்றவர், கொழுந்தன் முத்துக்கருப்பன். உனக்கு என்ன வயது? அம்பது இருக்கும். பிள்ளைகள்? ஒரு பொண்ணு, செல்லாயி, பதினோரு வயசு. கிணற்றில் தண்ணீர் எத்தனை மட்டு ஆழம்? ஆறு மட்டு, கோடையில ஒண்ணு. சோளம் எப்போது விதைத்தாய்? ஆடி கழிஞ்சு எட்டாம் நாள். வடிவாம்பிகைக்கு மூச்சுச் சற்றே இலேசாயிற்று. இவள் தெளிவாகத்தான் பேசுகிறாள். அடுத்தது: உன் புருஷன் பேர் என்ன? சொல்லவில்லை, கொழுந்தனைப் பார்த்தாள். மறுபடி கேட்டதற்கும் சொல்லவில்லை. நிலத்துக்கு மேற்கெல்லை? பெரிய வாய்க்கால். வடக்கு? சங்கன் தோட்டம். தெற்கு? எங்க புளியமரம். கிழக்கெல்லை? உசரமா நிக்குதே, அது. சன்னல் வழியாக அதையே சுட்டிக் காட்டி, அதன் பேர் என்ன என்று கேட்டதற்கு: கல்லும் மரமுமா நிக்கிறது. பேரைச் சொல் என்று துரை உத்தரவாகிறது: வெளியில பாத்தா அவருக்கே தெரியும். அந்தச் சமயம் கச்சேரி வாசலில் காவி உடுத்து ஓடேந்தி ஒருவன் வந்து நின்றான். இவன் யார் என்று கேட்டதற்கு: வீடு வாசல் இல்லாதவரு. இப்படிப்பட்டவனை எப்படிக் கூப்பிடுவார்கள்? நான் கூப்பிடுறதில்ல.

அவள் விரல் அந்த வரியில் நின்றுவிட்டது. உசரமா நிக்குதே, அது. கல்லும் மரமுமா நிக்கிறது. மாவு சலிக்கிறது. அதே நடை, அதே தடுமாற்றம், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வேலையை, ஓர் உருவத்தை வைத்து நகர்ந்துவிடுவது. இதை எழுதியவர் சிலம்பாயியைப் பற்றி எழுதவில்லை, மருத்துவர் அறையில் தன் நாற்காலிக்குப் பின்னால் நின்று எழுதியிருக்கிறார். மலை என்ற ஒரு சொல், பிறந்த நாளிலிருந்து கண்முன் நிற்கிற மலை, அதையுமா ஒருத்தி மறப்பாள்? மறப்பாள். வீட்டில் ஆணியில் தொங்குவதை மறப்பவள் மலையையும் மறப்பாள், பிறகு மரத்தை, பிறகு வாய்க்காலை, மகளை. ஆனால் வாய்க்காலை மறக்கவில்லையே. சங்கன் தோட்டத்தை மறக்கவில்லை. கிணற்றின் மட்டுக் கணக்கு நினைவிருக்கிறது, விதைத்த நாள் நினைவிருக்கிறது. மூன்றே மூன்று. புருஷன், மலை, காவி கட்டியவன். மறதிக்கு இப்படித் தேர்ந்தெடுக்கும் பழக்கம் உண்டா? தன் மறதி கண்மூடித்தனமாக எடுத்தது, ஒரு நாள் ஒரு தொகையை, ஒரு நாள் ஒரு தட்டுமுட்டுச் சாமானை. இது அப்படி இல்லை. இதில் ஒரு விதி இருக்கிறது. விதி இருக்கும் இடம் எதுவானாலும் அவளுக்கு அங்கே கால் ஊன்றும். வாழ்நாள் முழுவதும் அப்படித்தான். தேதியைச் சரிபார்ப்பது அவள் வழக்கம். தாள்களைப் பின்னோக்கிப் புரட்டி, விட்டுவிட்டு வந்த மனுவுக்குப் போனாள். முதல் வரியிலேயே இருந்தது, கரையான் தின்ற தாளோடு குடும்பத்தை விட்டுப் போயிருந்த பெயர்: ஓடைக்கரைப்பட்டி காலஞ்சென்ற மலையாண்டி தம்பி முத்துக்கருப்பன் சமூகத்துக்கு எழுதிக்கொண்ட மனு.

மலையாண்டி. அவள் அதை உதட்டால் மட்டும் சொல்லிப் பார்த்தாள். பிறகு கேள்வித் தாளையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள், விளிம்போடு விளிம்பு பொருந்தும்படி. சிலம்பாயி மலையை மறக்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டே அதைச் சுற்றி நடந்திருக்கிறாள், கோயிலைச் சுற்றி நடப்பவள்போல. கிழக்கே விடிந்த ஒவ்வொரு நாளும் இப்படித்தான் நடந்திருப்பாள். வாசலுக்குப் பிச்சைக்கு வந்தவனுக்குச் சோறு போட்டிருப்பாள், அவனை ஆண்டி என்று கூப்பிட்டிருக்கமாட்டாள். துரைக்கு இது தெரியாது. துரையின் ஊரில் மனைவிமார் புருஷனைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். குமாஸ்தாவுக்குத் தெரியும். கொழுந்தனுக்கு நன்றாகத் தெரியும்; அவனுக்குத் தெரியும் என்பதால்தானே அவள் அவனைப் பார்த்தாள். பக்கத்தில் நிற்பவர் எடுத்துக் கொடுப்பார், இவள் தலையசைப்பாள், அதுதானே நடைமுறை. அவள் பார்த்தாள், அவன் சும்மா நின்றான். அந்தச் சும்மா நின்றதற்கு ஒரு தோட்டம். வடிவாம்பிகைக்கு நெஞ்சில் கோபம் எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அதற்கு அடியிலிருந்து வேறொன்று பெருகி, கோபத்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கண் கரித்தது. தூசி. தூசி மட்டுமன்று.

"என்ன அண்ணி, அழறீங்களா சிரிக்கிறீங்களா? ஏதாவது ஒண்ணு பண்ணுங்க, நானும் சேந்துக்கிறேன்." வடிவாம்பிகை தாளைப் படித்துக் காட்டினாள், கேள்வி பதிலை மட்டும், பெயரைச் சொல்லாமல். கிழக்கெல்லைக்கு வந்தபோதே கோமதி குறுக்கிட்டாள்: "மலைச்சாமியா, மலையாண்டியா?" எழுத்தர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" "இதுல கண்டுபிடிக்க என்ன சார் இருக்கு? எங்க வீட்டுலயே ஒண்ணு இருக்கே. சீர்காழிக் கல்யாணத்துக்குப் போறோம், முதநாள் சாமி பாக்கணும்னு பஸ் ஏறினா, இவங்க கண்டக்டர்கிட்ட, தில்லைக்கு ரெண்டு கொடுங்கன்னு கேக்குறாங்க. அந்த ஆளு, அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லம்மா, எறங்குங்கன்னுட்டான். நான் சொல்லித்தான் டிக்கெட்டு." வடிவாம்பிகை வாயைத் திறந்தாள். தில்லை. வகுப்பில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தில்லை என்றே சொன்னாள். தமிழம்மா ஊர்ப் பெயரைக்கூடப் பழந்தமிழில்தான் சொல்வார் என்று பிள்ளைகள் பெருமையோடு பேசிக்கொண்டார்கள், அவளும் நாளடைவில் அதையே நம்பிவிட்டாள். நம்பியது மட்டுமா, சுற்றி நடப்பதையே மறந்து போனாள். கால் பழகிய பாதை கண்ணுக்குத் தெரிவதில்லை. தன்னைப் பரிசோதிக்க ஒரு துரை வந்து, தெற்கே தேர் ஓடும் அந்த ஊரின் பெயர் என்ன என்று வரைபடத்தில் கைவைத்துக் கேட்டிருந்தால்? பொன்னம்பலம் இருக்கிற ஊர் என்றுதான் சொல்லியிருப்பாள். எழுதிக்கொள்ளலாயிற்று. பக்கத்தில் கோமதி இருந்ததால் பிழைத்தாள், அவ்வளவே. "அந்தக் கொழுந்தன் நல்லா இருப்பானா?" என்றாள் கோமதி. "அவ பாத்தாளே அவனை. ஒரு பேரை எடுத்துக் குடுக்க நாக்கு சுளுக்கிக்குமா?"

சல்லடை அப்போதும் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வட்ட விளிம்பும் கம்பி வலையும் வந்து நின்றன, பெயரில்லாமல். ஆனால் இப்போது அவளால் அதைப் பார்க்க முடிந்தது. அது தன்னுடையது, எங்கிருந்தும் இறங்கி வந்ததன்று, தன் ஒருத்தியின் உடம்பில் ஏதோ ஒரு மூலையில் நேர்ந்த பழுது, அதை நாளை அந்த மருத்துவப் பையன் பார்த்துக்கொள்ளட்டும். பின்னால் நின்று எழுதிக்கொண்டிருந்தவர் போய்விட்டார். சிலம்பாயிக்கும் ஒருவழியாக ஒரு முகம் கிடைத்திருந்தது, தன் முகமன்று, கூர்மையானது, துரையை நிமிர்ந்து பார்த்து, வெளியில பாத்தா அவருக்கே தெரியும் என்று சொல்லக்கூடியது. வடிவாம்பிகை தாள்களை வரிசைப்படுத்தினாள், துணியின் நான்கு முனைகளையும் மடித்தாள், முடிச்சுப் போடும்போது மூக்கு அரித்தது, தும்மினாள், தும்மிய வேகத்தில், யாரும் கேட்காமலே, மற்றொரு கை நிறைந்தது. "அன்மொழித்தொகை" என்றாள் உரக்க. ஜெயசீலன் திரும்பிப் பார்த்தார். "தும்மினா எங்க ஊருல நூறுன்னு சொல்லுவோம் டீச்சர்." "தொடரில் இல்லாத ஒருவரைக் குறிக்கிறது" என்று அவள் அவருக்கு விளக்கினாள், அவர் கேட்காவிட்டாலும். "சரி, வாங்க" என்று கோமதி பையைத் தூக்கினாள். "இல்லாதவங்களைப் பத்திப் பேசினது போதும், இருக்கிற நாம சாப்பிடுவோம்."

பின்னர் உறுதிப்பட்டவை இவை. அடுத்த மாதம் வேறோர் எண்ணின் கீழ் மற்றொரு கட்டு அகப்பட்டது. 1893இல் மறு விசாரணை நடந்திருக்கிறது. அதற்காகச் சிலம்பாயியின் நாத்தனார் அங்கம்மாள், தான் வாழ்க்கைப்பட்ட ஊரிலிருந்து பதினான்கு மைல் நடந்து வந்து சாட்சி சொன்னாள், அவள் வாக்குமூலம் ஒரே பத்தி: "எங்கண்ணன் பேரு மலையாண்டி. அண்ணி அதைச் சொல்லமாட்டா. கிழக்க நிக்கிறது மலை. அதையும் சொல்லமாட்டா. மத்த எதை வேணும்னாலும் கேளுங்க." நாற்பது கேள்விகள் கேட்டார்கள், நாற்பதற்கும் விடை சரி. முந்தைய தீர்மானம் தள்ளுபடி செய்யப்பட்டு நிலம் திரும்பி வந்தது. சிலம்பாயி எழுபத்தாறு வயதுவரை வாழ்ந்து 1917இல் இறந்தாள். இறப்பதற்கு எட்டு மாதங்களுக்கு முன் மகளுக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தில், தோட்டத்து மரங்கள் இருபத்து மூன்றையும் நட்டவர் பெயரோடு சொல்லியிருக்கிறாள். கிழக்கெல்லை மட்டும் வேறொரு மையில் பிறகு செருகப்பட்டிருக்கிறது. வடிவாம்பிகையின் இரத்தத்தில் தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. சல்லடை, மாத்திரை தொடங்கிய ஏழாம் வாரம், அடுப்படியில், அதைத் தேடாதபோது வந்தது. மூன்று மாதம் கழித்து மருத்துவர் மீண்டும் படங்களைக் காட்டினார், பத்துக்குப் பத்து. பிறகு வழக்கமான கேள்விகளுக்கு வந்து கணவர் பெயரைக் கேட்டார். "சிதம்பரம்" என்றாள் கோமதி. "பக்கத்துல இருக்கவங்க சொல்லக் கூடாதும்மா" என்றார் மருத்துவர். "இது ஒண்ணுக்கு மட்டும் பக்கத்துல இருக்கவங்கதான் சொல்லணும் டாக்டர்" என்றாள் கோமதி. வடிவாம்பிகை தலையசைத்தாள். மருத்துவர் எழுதிக்கொண்டார்.